அரை இஞ்ச் கூம்பு மரையும் அதற்கு முன்னால் போடும் ட்ரில்லும்

புதுச்சேரிக்கும் ஒரு மேட்டுப்பாளையம் உண்டு. இங்கிருந்து ஊட்டிக்கு ரயில் போகாது, லாரிகள்தான் போகும். அந்தத் தொழிற்பேட்டையில் கணினி ஓட்டும் சிஎன்சி லேத்தும், துளையிட்டுக் கடையும் விஎம்சி மெஷினும் வைத்துக்கொண்டு, வால்வுக்கும் பம்புக்கும் வேண்டிய வார்ப்புகளைக் கடைந்து கொடுப்பது என் பிழைப்பு. வருகிற வேலையில் பெரும்பகுதி குழாய் மரை. அதிலும் துளைக்குள் போடுகிற கூம்பு மரைதான் அதிகம். கடலூர் சிப்காட் பக்கத்திலிருந்தும் சேதராப்பட்டிலிருந்தும் தொழில் தெரிந்த நண்பர்கள் இதைப் பற்றிப் பேச வருவார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: "நாளைக்கு ஆயிரம் உருப்படி போக வேண்டும், எந்த டேப் வாங்கலாம்?" டேப் என்றால் துளைக்குள் திருகி இறங்கி மரை வெட்டும் கருவி. நான் சொல்லும் பதில் அவர்களுக்கு அவ்வளவாக ருசிப்பதில்லை. எந்த ட்ரில் போடுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன்.

தொழிலுக்கு வெளியே இருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். சாதாரண போல்ட் நட்டில் மரை நேராக ஓடும். எத்தனை சுற்று போனாலும் விட்டம் மாறாது. குழாய் மரையில் ஒரு வகை கூம்பாக இருக்கும். துளையின் வாயில் அகலமாகத் தொடங்கி உள்ளே போகப் போகக் குறுகும். 16 மி.மீ. ஆழத்துக்கு விட்டத்தில் 1 மி.மீ. குறைவு, அச்சிலிருந்து பார்த்தால் ஒரு பக்கத்துக்கு 1 டிகிரி 47 நிமிடம். குழாயைத் திருகத் திருக இறுகி, உலோகமும் உலோகமும் நெருங்கி, மிச்ச இடைவெளியைச் சணலோ டெஃப்லானோ அடைத்துக்கொள்ள, தண்ணீர் நிற்கிறது.

இந்தச் சரிவு உலகம் முழுக்க ஒன்றுதான். ஆனால் மரைப் பல்லின் வடிவம் இரண்டு. விட்வொர்த் 1841-இல் முன்வைத்த 55 டிகிரிக் கோணத்தைப் பின்பற்றுவது பிரிட்டிஷ் குழாய் மரை. நம் இந்தியத் தரநிலை ஐஎஸ் 554 அந்த வழியில் வந்தது. அமெரிக்காவில் ராபர்ட் பிரிக்ஸ் வகுத்த 60 டிகிரி அளவை 1886-இல் குழாய் உற்பத்தியாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அதுதான் இன்றைய என்பிடி. பெரும்பாலான அளவுகளில் இந்த இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள முடியாது. கால் இஞ்சில் அங்குலத்துக்கு ஒன்றில் 19 சுற்று, மற்றதில் 18. இரண்டு மூன்று சுற்றிலேயே மாட்டிக்கொள்ளும். அரை இஞ்சும் முக்கால் இஞ்சும்தான் வில்லங்கம். இரண்டு முறையிலும் அங்குலத்துக்கு 14 சுற்று. அரை இஞ்சில் நடு விட்டம் பிரிட்டிஷ் மரைக்கு 19.793 மி.மீ., அமெரிக்க மரைக்கு 19.772. வித்தியாசம் தலைமுடியை விட மெல்லியது. ஒன்றில் மற்றொன்று சுகமாக ஏறும், இறுகவும் செய்யும். அழுத்தம் கொடுத்துப் பார்க்கும்போதுதான் கசியும். எங்களிடம் வரும் வரைபடத்தில் வெறுமனே "அரை இஞ்ச் டேப்பர்" என்று எழுதியிருந்தால் வேலையைத் தொடங்குவதில்லை. தொலைபேசியில் கேட்டும் தொடங்குவதில்லை. எழுத்தில் வர வேண்டும்.

போகிற போக்கில் ஒன்று. அரை இஞ்ச் மரை என்கிறோமே, அதில் ஸ்கேலை வைத்து எங்கே அளந்தாலும் அரை அங்குலம் அகப்படாது. பிரிட்டிஷ் மரையின் வெளிவிட்டம் 20.955 மி.மீ. அந்தக் காலத்துக் குழாயின் உள்ளளவு மரையின் பெயராக நின்றுவிட்டது. ஹார்டுவேர் கடையில் "நாலு நூல் எல்போ" என்று கேட்கும் பிளம்பருக்கு இந்தக் குழப்பமே கிடையாது.

இனி வேலைக்கு வருகிறேன். கூம்பு மரையை டேப் போட்டு வெட்டுவதில் ஒரு அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. நேர் மரை டேப்பில் முன்னால் இருக்கிற சில பற்கள்தான் வெட்டும். பின்னால் வருபவை வழிகாட்டிக்கொண்டு சும்மா வரும். கூம்பு டேப்பில் சும்மா வருகிற பல் ஒன்று கூடக் கிடையாது. உள்ளே இறங்க இறங்க ஒவ்வொரு பல்லும் தன் முன்னால் இருப்பதை விட அகலம்; ஆகவே துளைக்குள் இருக்கும் அத்தனை பல்லும் கடைசி நொடி வரை வெட்டிக்கொண்டே இருக்கும். முறுக்கு விசை ஆழத்தோடு ஏறும். டேப்பைச் சுற்றும் ஸ்பிண்டிலின் பளுவைக் காட்டும் லோடு மீட்டரைப் பார்த்தால் முள் ஏறிக்கொண்டே போய், மிக உச்சத்தில் இருக்கும்போது நின்று திரும்ப வேண்டும். டேப் உடைவதும் அந்த இடத்தில்தான். ஒன்று விட்டு ஒரு பல்லை நீக்கிய டேப் கிடைக்கிறது. அதில் உராய்வு குறைகிறது, எண்ணெய் உள்ளே போகிறது, சீவல் வெளியே வருகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு நாங்கள் அதைத் தவிர வேறு டேப்பைத் தொடுவதில்லை.

டேப் நின்று திரும்பும் இடத்தில், அதன் உடலில் உள்ள ஒவ்வொரு பள்ளத்துக்கும் நேராக மரையின் மீது ஒரு மெல்லிய கோடு விழும். விளக்கு வைத்துப் பார்த்தால் துளையின் நீளவாக்கில் வரிசையாக நிற்பது தெரியும். தண்ணீர்க் குழாய்க்கு அதனால் ஒன்றும் கெட்டுவிடாது, சணல் அடைத்துவிடும். காற்று, ஹைட்ராலிக் எண்ணெய் போன்றவற்றுக்கு அந்தக் கோடு ஒரு வாய்க்கால்.

அதிக உற்பத்தி என்று வந்ததும் எல்லோரும் நொடிகளை எண்ணத் தொடங்குகிறார்கள். எண்ணித்தான் பார்ப்போமே. வார்ப்பிரும்பில் அரை இஞ்ச் டேப்பை நிமிடத்துக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓட்டினால் ஏறத்தாழ 150 சுற்று. துளைக்குள் 12 சுற்று இறங்க 5 நொடி, இரட்டிப்பு வேகத்தில் வெளியே வர இரண்டரை நொடி. இதையே த்ரெட் மில்லில், அதாவது துளைக்குள் வட்டமடித்து மரை வெட்டும் சிறிய கட்டரில், செய்தால்? நான்கு வெட்டு முனை உள்ள 14 மி.மீ. கார்பைடு கட்டர், நிமிடத்துக்கு 100 மீட்டர் என்றால் சுமார் 2,270 சுற்று. பல்லுக்கு 0.1 மி.மீ. கொடுத்தால் விளிம்பு நிமிடத்துக்கு 900 மி.மீ. போகும். ஆனால் கட்டரின் மையம் போகும் வட்டம் சிறியது, 21 மி.மீ. மரைக்குள் 14 மி.மீ. கட்டர் என்றால் மையத்தின் வேகம் விளிம்பில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 300. மையம் கடக்க வேண்டிய தூரம் 22 மி.மீ. நாலரை நொடி. உள்ளே போய் வெளியே வருவதையும் சேர்த்தால் டேப்புக்குச் சமம். இந்த மூன்றில் ஒரு பங்கு கணக்கை மறந்து புரோகிராமில் 900 என்று எழுதிவிட்டு, கட்டர் உடைந்ததும் கட்டர் கம்பெனியைத் திட்டுகிறவர்கள் உண்டு. மெஷின் மையத்தின் வேகத்தைத்தான் கேட்கிறது; விளிம்பு மூன்று மடங்கு வேகத்தில் போய் மோதும்.

லேத்தில் ஒற்றை இன்சர்ட் (மாற்றிக்கொள்ளும் வெட்டு முனை) வைத்துப் பல முறை ஓட்டி வெட்டினால் கொஞ்சம் கூடும். மரையின் ஆழம் 1.16 மி.மீ.; பத்து ஓட்டம், 1,500 சுற்றில் 12 முதல் 15 நொடி.

ஆக, மூன்று முறைக்கும் இடையே உருப்படிக்கு ஐந்தாறு நொடி வித்தியாசம். நிமிடத்துக்கு ஒரு உருப்படி இறங்கும் வேலையில் இது பெரிய பணம் என்று தோன்றும். ஆனால் துளைக்குள் ஒரு டேப் உடைந்தால், மெஷினை நிறுத்தி, உருப்படியைக் கழற்றி, புது டேப் மாட்டி, அளவு பார்த்து மறுபடி ஓட்ட அரை மணி நேரம். முப்பது உருப்படி போச்சு. உடைந்த துண்டு சிக்கிய வார்ப்பும் போச்சு, அதற்கு முன்னால் அதன் மீது செய்த வேலையும் போச்சு. நேரம் எங்கே போகிறது என்று தேடினால் அது மரை வெட்டும் நொடிகளில் இல்லை.

அதனால்தான் ட்ரில்லைப் பற்றிக் கேட்கிறேன். பிரிட்டிஷ் அரை இஞ்ச் மரையின் உள்விட்டம் வாயில் 18.631 மி.மீ. 15 மி.மீ. உள்ளே போனால் அது சுமார் 17.7 ஆகிவிடும். நேர்த் துளை ஒன்றைப் போட்டு அதில் கூம்பு டேப்பை இறக்குவதுதான் நாட்டு வழக்கம். அடியில் மரை முழுதாக வர வேண்டும் என்றால் ட்ரில் 17.7-ஐத் தாண்டக் கூடாது. அப்போது வாயில் பக்கத்துக்கு அரை மி.மீ. அளவுக்கு இரும்பு மிஞ்சி நிற்கும். மரையின் ஆழமே 1.16 என்னும்போது இது சின்ன மிச்சம் இல்லை. மரை வெட்ட வந்த டேப் அதையும் தன் பல்லடியால் சுரண்டித் தீர வேண்டும். அதற்காகவா அதைச் செய்தார்கள்? டேப்பைக் காப்பாற்ற ட்ரில்லைப் பெரிதாக்கினால் அடியில் மரை மொட்டையாக நிற்கும்.

வழி ஒன்றுதான்: துளையையும் 16-க்கு 1 சரிவில் கூம்பாக்கிவிட்டு அதன் பிறகு மரைக்குப் போவது. "ஒரு ஆபரேஷன் கூடுமே" என்று முகம் சுளிப்பார்கள். கூட வேண்டியதில்லை. ட்ரில், துளையைக் கூம்பாகச் சீவும் ரீமர், வாய்ச் சாய்வு மூன்றும் ஒரே தண்டில் வரும்படி டூல் செய்து தருகிறார்கள். ஒரே இறக்கத்தில் துளை தயார். விலை அதிகம்தான். ஆனால் நாங்கள் அதற்கு மாறிய பிறகு அதே டேப் பல மடங்கு உருப்படிகளுக்கு உழைக்கிறது. ஸ்பிண்டில் லோடு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. லேத்தில் என்றால் இது கேள்வியே இல்லை. துளையைக் கடையும் போரிங் பாரை நேராக ஓட்டுவதும் சரிவாக ஓட்டுவதும் புரோகிராமில் ஒரு எண்ணின் வித்தியாசம், செலவு கிடையாது. அப்படியும் நேராகவே ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ட்ரில்லின் கூர்மையும் இதில் சேர்த்தி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மழுங்கிய ட்ரில் வெட்டுவதற்குப் பதில் தேய்க்கும். தேய்த்த சுவர் இறுகிக் கெட்டிப்படும். அடுத்து வருகிற டேப் அந்தக் கெட்டித் தோலோடு மல்லுக்கட்டும். உடைவது டேப், குற்றவாளி ட்ரில். சென்னையிலிருந்து வரும் ஒரு டேப் விற்பனைப் பிரதிநிதி, டேப் உடைகிறது என்று யார் புகார் சொன்னாலும் இதை விட விலை கூடிய டேப்பைத்தான் எடுத்துக் காட்டுவார். எங்கள் ஆபரேட்டர், பாகூர்க்காரர், அவர் போன பிறகு சொன்னார்: "அண்ணே, ட்ரில்லை மாற்றச் சொன்னால் அவருக்கு வியாபாரம் நடக்காது."

எதை எங்கே வைப்பது என்பதில் எனக்குத் தெளிவான கட்சி உண்டு. பித்தளைச் சின்ன உருப்படி, கால் இஞ்சும் அதற்குக் கீழும்: டேப்தான், விவாதம் வேண்டாம். எல்போ, டீ போன்ற பிட்டிங்குகளை லட்சக்கணக்கில் செய்யும் தொழிற்சாலைகளில், எல்லா வாயையும் ஒரே சமயத்தில் வெட்டும் தனி மெஷின்கள் இருக்கின்றன. அவற்றில் வெட்டி முடித்ததும் பற்கள் உள்ளே மடங்கிக்கொள்ளும் டேப்பையும் போடுவார்கள். திருப்பிச் சுற்றி வெளியே எடுக்கும் நேரமே மிச்சம். அந்த எண்ணிக்கை இல்லாதவர்கள் அந்த மெஷினைப் பற்றிக் கனவு காண வேண்டாம். உருண்டையாகக் கடைகிற உருப்படி என்றால் லேத்தும் இன்சர்ட்டும் போதும். விலை உயர்ந்த வார்ப்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், முக்கால் இஞ்சுக்கு மேல் என்றால் த்ரெட் மில். அது துளையை விடச் சிறியது. உடைந்தாலும் துண்டு தானாகக் கீழே விழும், வார்ப்பு பிழைக்கும். நின்று திரும்பும் கோடும் அதில் கிடையாது.

த்ரெட் மில்லில் கவனிக்க வேண்டியது சரிவு. கட்டரே கூம்பாக இருப்பதால் ஒரே ஒரு சுற்றில் மொத்த மரையும் முடிந்துவிடும்: அடியில் தொடங்கி, ஜி03-இல் (இடஞ்சுழியாக வட்டமடிக்கச் சொல்லும் கட்டளை) சுற்றிக்கொண்டே ஒரு மரையிடை, அதாவது 1.814 மி.மீ., மேலே வர வேண்டும். மேலே வரும்போது துளை விரிகிறது இல்லையா? அதற்கேற்ப ஆரமும் ஒரு சுற்றில் 0.057 மி.மீ. விரிய வேண்டும். நாங்கள் சுற்றை நான்கு கால்வட்டமாக உடைத்து, ஒவ்வொன்றிலும் 0.014 கூட்டுகிறோம். கூட்டாமல் விட்டால் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேரும் புள்ளியில் ஒரு சின்னப் படி நிற்கும். நகத்தை வைத்து இழுத்தால் தட்டும். கசிவுக்கு அது போதும்.

லேத்தில் அதே சரிவு, மரை வெட்டச் சொல்லும் ஜி76 கட்டளையின் ஆர் மதிப்பில் ஒளிந்திருக்கிறது. ஆர் என்பது ஆரத்தின் மாற்றம், ஆகவே நீளத்தை 32-ஆல் வகுத்தால் ஆர். எந்த நீளம் என்பதில்தான் தடுக்கி விழுகிறார்கள். மரை 15 மி.மீ. இருக்கலாம், ஆனால் இன்சர்ட் 5 மி.மீ. வெளியே இருந்து ஓடத் தொடங்குகிறது. ஓட்டம் 20, ஆர் 0.625. ஒரு வாடிக்கையாளர் தரப்பிலிருந்து வந்த புரோகிராமில் 15-ஐ வகுத்து 0.469 என்று போட்டிருந்தார்கள். அப்போது சரிவு 16-க்கு ஒன்று இல்லை, ஏறத்தாழ 21-க்கு ஒன்று. மரைக்குள் திருகி அளவு பார்க்கும் கூம்புக் கேஜைப் போட்டால் சரியான இடத்தில்தான் நிற்கிறது! அடியில் பிடித்துக்கொண்டதா, வாயில் பிடித்துக்கொண்டதா என்பதை அது சொல்லாது. கேஜின் மீது நீலச் சாயத்தை மெல்லிசாகத் தடவி, திருகி எடுத்துப் பார்க்க வேண்டும். நல்ல மரையில் நீலம் முழு நீளத்துக்கும் ஒரே சீராகத் தேய்ந்திருக்கும். அந்த உருப்படிக்குப் போட்ட கேஜில் துளையின் வாய்ப் பக்கத்து இரண்டு சுற்றில் மட்டும் பளபளவென்று இரும்பு தெரிந்தது. உள்ளே போன பக்கத்தில் நீலம் தடவியபடியே இருந்தது.

கேஜைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. இந்த மரையில் எனக்குப் பிடித்த விஷயமே அதுதான். விட்டத்தில் நூறில் ஒரு மி.மீ. பிசகினால் கேஜ் 0.16 மி.மீ. முன்னாலோ பின்னாலோ நிற்கும்; பிழையைப் பதினாறு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் இப்படி ஒரு கருவி நேர் மரைக்கு இல்லை. கேஜின் குறி உருப்படியின் முகத்தை விட 0.8 மி.மீ. வெளியே நின்றால் ஆபரேட்டர் யோசிக்க வேண்டியதில்லை: 0.8-ஐ 16-ஆல் வகுத்து, விட்டத்தில் 0.05 கூட்டினால் முடிந்தது. டேப் என்றால் இன்னும் சுலபம், ஆழத்தில் அதே 0.8-ஐக் கூட்டினால் போதும். அனுமதியும் தாராளம். என்பிடி கேஜ் முகத்துக்கு ஒரு சுற்று முன்பின் நிற்கலாம். பிரிட்டிஷ் மரையில் ஒன்றேகால் சுற்று. அரை இஞ்சில் ஒரு சுற்று என்பது 1.8 மி.மீ.; விட்டத்தில் பார்த்தால் 0.11.

இவ்வளவு தாராளம் இருந்தும் தகராறு வருகிறது என்றால் இரண்டு காரணம். ஒன்று வாய்ச் சாய்வு. அது கூடினாலும் குறைந்தாலும் "முகம்" எது என்பதே மாறிவிடும். சாய்வு மரையின் வெளிவிட்டத்தைத் தாண்டி அகன்றுவிட்டால், அந்தச் சரிவில் மரையின் கடைசிக் கீறல் தெரியும் இடத்திலிருந்து பார்க்க வேண்டும், முகத்திலிருந்து அல்ல. நாங்கள் ஒரு இடத்திலிருந்தும் வாடிக்கையாளரின் சோதனையாளர் வேறு இடத்திலிருந்தும் பார்த்துக்கொண்டு, திரும்பி வந்த பெட்டிகள் உண்டு. இரண்டாவது, கை. ஐடிஐ முடித்துப் புதிதாக வரும் பையன்களுக்குத் தங்கள் பலத்தைக் காட்ட வேண்டும். கேஜை முறுக்கி முறுக்கி உள்ளே ஏற்றிவிடுவார்கள். விரலால் திருகி, தானாக நின்ற இடத்தில் விட்டுவிட வேண்டும். முறுக்கினால் அரைச் சுற்று கூடுதலாகப் போகும், கேஜும் தேயும். துளைக்குள் பிசிறு இருக்கும்போதே கேஜ் போடுவது தனிப் பாவம்.

ஊரைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். கடல் காற்று எட்டுகிற ஊரில் கேஜைத் துடைத்து எண்ணெய்த் துணியில் சுற்றி வைக்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது. ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கள்கிழமை வந்தால் மரை விளிம்பில் செம்மஞ்சள் படிந்திருக்கும். அதைத் தேய்த்து எடுத்தால் அளவு போய்விடும். வடகிழக்குப் பருவத்தில் இன்னொரு தொல்லை, மின்சாரம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. ஆனால் நாள்கணக்கில் போனால் மெஷின் சும்மா கிடக்கும், அவ்வளவுதான். ஒரு நொடி போய் வருகிற கரண்ட்தான் டேப்பைத் தின்கிறது. டேப் துளைக்குள் இருக்கும்போது ஸ்பிண்டில் நின்றுவிட்டால் சுற்றும் இறக்கமும் தொடர்பறுந்து போகும். சில கன்ட்ரோல்களில் திருப்பி எடுக்கும் வசதி உண்டு; இல்லாதவற்றில் கையால் சுற்றித்தான் எடுக்க வேண்டும், அதில் பாதி உடையும். த்ரெட் மில்லாக இருந்தால் மையத்துக்கு நகர்த்தி மேலே தூக்கிவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் விலை உயர்ந்த வார்ப்புகளை நான் டேப்புக்கு அனுப்புவதில்லை. இதைக் கஞ்சத்தனம் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

ஒரு பம்பு வேலையில் இதை விடவும் மிச்சம் பிடிக்க வழி கிடைத்தது. வரைபடத்தில் நான்கு துளைகளுக்கும் கூம்பு மரை கேட்டிருந்தார்கள். பிரிட்டிஷ் முறையில் வெளிமரை கூம்பாக இருந்தால் உள்மரை நேராக இருப்பதும் தரத்துக்குள் அடங்கும். ஆர்சி என்றால் உள்ளே கூம்பு, ஆர்பி என்றால் உள்ளே நேர். வீட்டுத் தண்ணீர்க் குழாய்களில் நாம் தினமும் திருகுவது பெரும்பாலும் நேர் உள்மரைக்குள் கூம்பு வெளிமரைதான். வடிகால் துளை, காற்று விடும் துளை, அழுத்தமானி துளை மூன்றையும் ஆர்பி ஆக்கலாமா என்று எழுதிக் கேட்டோம். அவர்களின் டிசைன் பிரிவில் இருந்த அம்மா ஒருவர் பொறுமையாகப் பார்த்து, வடிகாலுக்கும் காற்றுக்கும் சம்மதித்தார். அந்த இரண்டுக்கும் இப்போது சாதாரண நேர் டேப், சாதாரண ட்ரில். அழுத்தமானிக்கு மறுத்துவிட்டார்: அங்கே அதிர்வு இருக்கிறது, கழன்றுவிடக் கூடாது. நான்காவது துளையான, வெந்நீர் வெளியேறும் வாயும் ஆர்சியாகவே இருக்கிறது. அந்த இரண்டு துளைக்கும் ட்ரில்லும் ரீமரும் ஒன்றான அந்த விலை உயர்ந்த டூல்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.